ஆலாபனையும் அலையற மனசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிதானமான சங்கீதம், அதுலயும் கர்நாடக சங்கீதத்துல வர்ற ராக ஆலாபனை, இத புதுசா கேக்க ஆரம்பிக்கறவங்க திரும்பத் திரும்ப என்கிட்ட கேட்டதையெல்லாம் இங்க சேர்த்து வெச்சிருக்கேன். நான் பாடகர் இல்ல, பல வருஷமா உக்காந்து கேக்கற ரசிகன். சில பதில் நீளமா போகும், ஏன்னா அந்த இடத்துல சொல்ல நிறைய இருக்கு.

ஆலாபனை கேக்க உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல மனசு எங்கயோ போயிடுது. நான் தப்பா கேக்கறேனா?

இல்லவே இல்ல. ஆலாபனைல சாகித்யம், அதாவது பாட்டு வரி, கிடையாது, தாளமும் கிடையாது, பாடறவங்க "ததரின்ன", "தரனா" மாதிரி அசைகள வெச்சுக்கிட்டு ராகத்த கொஞ்சம் கொஞ்சமா விரிச்சுக்கிட்டே போவாங்க. வரி இருந்தா அதோட அர்த்தத்த பிடிச்சுக்கிட்டு புத்தி ஓடும், தாளம் இருந்தா கை தன்னால தொடையில விழும், ரெண்டுமே இல்லாதப்போ மனசு கொஞ்ச நேரம் ஸ்வரத்து மேலயே போயிட்டு அப்புறம் அதுபாட்டுக்கு ஊர் வாய்க்கா படித்துறை, எப்பவோ அக்கா சொன்ன ஒரு வார்த்தை, ஸ்கூல்ல பக்கத்துல உக்காந்திருந்த பையன்னு சுத்த ஆரம்பிச்சிடும். அப்புறம் பாடறவர் மேல் ஷட்ஜத்த, அதாவது உச்சத்துல வர்ற "ஸ"வ, தொட்டு அங்கயே ஸ்வரத்த நீட்டி ஒரு கார்வை குடுத்து நிப்பாரு பாருங்க, அப்போ யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்திடுவோம். இந்த போறது வர்றது எல்லாம் சேர்ந்ததுதான் கேக்கறது. ஒரு செகண்ட் கூட விடாம கவனிக்கணும்னு பரீட்சைக்கு படிக்கற மாதிரி உக்காந்தா பத்தே நிமிஷத்துல களைச்சுப் போயிடுவீங்க.

அப்போ மொபைல்ல ஸ்க்ரோல் பண்றப்போவும் மனசு அலையத்தானே செய்யுது, ரெண்டும் ஒண்ணுதானே?

ரொம்ப வித்தியாசம் இருக்கு. ஸ்க்ரோல் பண்றப்போ மனசு அலையறதில்ல, இழுபடுது. அடுத்து என்ன பாக்கணும்னு ஸ்க்ரீன் முடிவு பண்ணுது, பதினஞ்சு செகண்ட் சமையல், அடுத்த பதினஞ்சு செகண்ட் ஒரு சண்டை, அடுத்தது யாரோ அழறாங்க, நம்ம மனசுக்குள்ள இருக்கற எதுவும் மேல வர அங்க நேரமே இல்ல. ஆலாபனைல வெளியில இருந்து வர்றது ஒரே ராகம்தான், அதனால உள்ள இருக்கறதுக்கு இடம் கிடைக்குது.

மூளை ஆராய்ச்சியிலயும் இதுக்கு ஒரு பக்கபலம் இருக்கு. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல மார்கஸ் ரைக்லியோட குழு 2001ல ஒரு கட்டுரை போட்டாங்க, வேலை எதுவும் குடுக்காம ஆளை சும்மா படுக்க வெச்சா மூளையில சில பகுதிகள் ஓயறதுக்கு பதிலா இன்னும் சுறுசுறுப்பா இருக்குன்னு. பழசை நினைக்கறது, நாளைக்கு நடக்கப் போறத கற்பனை பண்றது, அடுத்தவங்க மனசுல என்ன ஓடும்னு யோசிக்கறது, இதெல்லாத்துலயும் அந்தப் பகுதிகளுக்குப் பங்கு இருக்குன்னு அதுக்குப் பிறகு வந்த ஆராய்ச்சிகள் காட்டுச்சு. சும்மா இருக்கறதுன்னு நாம சொல்ற நேரத்துல மூளை சும்மா இல்ல.

ஆனா மனசு அலைஞ்சா சந்தோஷம் குறையும்னு ஒரு ஆராய்ச்சி சொல்லுதாமே?

ஆமா, அதையும் நேர்மையா சொல்லிடணும். ஹார்வர்ட்ல கில்லிங்ஸ்வர்த், கில்பர்ட்னு ரெண்டு பேர் 2010ல வெளியிட்டது. 2,250 பேரோட ஐபோன்ல ஒரு ஆப் போட்டு, நாள்ல திடீர் திடீர்னு "இப்போ என்ன பண்றீங்க, மனசு அதுல இருக்கா, எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டாங்க. 46.9 சதவீத தடவை மனசு வேற எங்கயோ இருந்திருக்கு, அப்படி இருந்தப்போ சந்தோஷம் கம்மியா இருந்திருக்கு. ஆனா அதே ஆராய்ச்சியில இன்னொண்ணும் இருக்கு, அத பல பேர் விட்டுடறாங்க, மனசு பிடிச்ச விஷயத்துக்குப் போனப்போ சந்தோஷம் குறையல, பிடிக்காத விஷயத்துக்கும் சாதாரண விஷயத்துக்கும் போனப்போதான் குறைஞ்சிருக்கு. அதனால மனசு அலையுதாங்கறத விட எங்க போகுது, எதை பிடிச்சுக்கிட்டு போகுதுங்கறதுதான் முக்கியம்னு எனக்குத் தோணுது, பாட்டு உள்ள வர்ற இடமும் அதுதான்.

2017ல டாருஃபி, கோல்ஷ் குழு இதையே பாட்டு வெச்சு பாத்தாங்க. சோகமான மெது இசை கேட்டவங்களுக்கு துள்ளலான இசை கேட்டவங்களவிட மனசு அதிகமா அலைஞ்சிருக்கு, ரைக்லி குழு சொன்ன அந்தப் பகுதிகளும் சோக இசை கேட்டப்போதான் கூடுதலா வேலை செஞ்சிருக்கு. அவங்க கேக்க வெச்சது மேற்கத்திய இசை. ஆனா முகாரியோ சுபபந்துவராளியோ, ரெண்டும் சோக ராகம், மெதுவா பாடக் கேட்டு உள்ளுக்குள்ள மூழ்கிப்போனவங்களுக்கு இது புது செய்தியா இருக்காது.

எங்கிருந்து ஆரம்பிக்கறது? நேரா ஒரு ஆலாபனையா?

தம்புராவுல இருந்து ஆரம்பிங்க, பாடறவங்களுக்கு சுருதி குடுத்துக்கிட்டே இருக்கற தந்தி வாத்தியம் அது. எல்லாரும் தாண்டிப் போற இடம் அது, எனக்குக் கேட்டா எல்லாத்துக்கும் அடி அதுதான்.

தம்புராவுல நாலு தந்தி. பஞ்சமம் (ப), அப்புறம் ரெண்டு ஷட்ஜம் (ஸ), கடைசியா கீழ் ஸ்தாயி ஷட்ஜம், மந்தரம்னு சொல்வாங்க. இந்த நாலையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு மீட்டிக்கிட்டே இருக்கறதுதான் வேலை, ராகம் மாறினாலும் பாட்டு மாறினாலும் கச்சேரி முடியற வரைக்கும் அது நிக்காது. தந்தி உக்கார்ற குதிரை மேல ஒவ்வொரு தந்திக்கு அடியிலயும் ஒரு சின்ன நூல் இருக்கும், அதுக்கு ஜீவான்னு பேரு. அந்த நூல ஒரு மயிரிழை முன்னயும் பின்னயும் நகர்த்திப் பாப்பாங்க, ஒரு இடம் வரைக்கும் தந்தி மொட்டையா "டங்"னு நிக்கும், சரியான இடத்துல நூல் வந்து உக்காந்ததும் அதே தந்தி பூத்துடும், ஒரு ரீங்காரம் கிளம்பி நீளமா போகும். நல்லா சுருதி சேர்ந்த தம்புராவுல மந்தரத் தந்தியைக் கவனிச்சா யாரும் மீட்டாத ஒரு ஸ்வரம் கேக்கும், காந்தாரம் (க). தானா பிறக்கறதால அதுக்கு ஸ்வயம்பு காந்தாரம்னே பேரு. தந்தியில அதுக்குன்னு இடமே இல்ல, ஆனா காதுல தெளிவா இருக்கும்.

நான் சொல்ற பயிற்சி இவ்ளோதான். போன்ல ஒரு தம்புரா ஆப் போடுங்க, நிஜ தம்புராவோட சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி வெச்ச ஆப்பா இருந்தா நல்லது, நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணுங்க, போனக் கவுத்து வெச்சுட்டு அந்த காந்தாரத்த தேடுங்க. முதல்ல கேக்காது. சில பேருக்கு நாலஞ்சு நாள் ஆகும். கேட்டதும் விட மனசு வராது, நடுவுல எங்கயாவது போயிட்டா திரும்பி வந்து மறுபடி அதையே தேடுவீங்க. மனசுக்கு திரும்பி வர்றதுக்குன்னு ஒரு வீடு இருந்தா அது எவ்ளோ தூரம் வேணா சுத்திட்டு வரட்டும், பயமில்ல.

ராகம் கண்டுபிடிக்கத் தெரியாது. பரவால்லையா?

பரவால்ல. ராகம் பேர் தெரிஞ்சா ஒரு சந்தோஷம், அவ்ளோதான். பக்கத்து சீட்டு மாமா "கரகரப்ரியா"ன்னு முணுமுணுத்தா அத கேட்டு வெச்சுக்கோங்க, நாலு தடவை கேட்டா தானா பிடிபடும். அத ஒரு பந்தயமா ஆக்கிட்டா மட்டும் கேக்கறது போயிடும், ஏன்னா பேர் கிடைச்சதும் பல பேருக்கு காது மூடிக்குது.

மெதுவா பாடறவங்கள்ல யாரைக் கேக்கலாம்?

எம்.டி. ராமநாதன். வேற பேரே முதல்ல வாய்ல வராது எனக்கு. பாலக்காட்டு மஞ்சப்ராவுல 1923ல பிறந்தவர், கலாக்ஷேத்ராவுல டைகர் வரதாச்சாரியாரோட சிஷ்யர், அங்கயே ஆசிரியரா இருந்தார், 1984ல காலமானார். குரல் ரொம்ப கீழ, கனமா இருக்கும், காலப்பிரமாணம், அதாவது பாடற வேகம், அதவிடக் கீழ. ஒரு சங்கதி, அதாவது ஒரு வரிய மாத்திப் பாடற விதம், பாடிட்டு அடுத்ததுக்கு அவசரமே பட மாட்டாரு, நடுவுல ஒரு இடைவெளி விடுவாரு, அதுக்குள்ள நமக்கு ஒரு நினைப்பு வந்து முழுசா முடிஞ்சிடும். ரொம்ப மெதுவா இருக்குன்னு குறை சொன்னவங்க அந்தக் காலத்துலயே உண்டு. பிடிச்சவங்க அந்த மெதுவுக்காகவே போய் உக்காந்தாங்க. அவர் பாடின சஹானா, யதுகுலகாம்போதி ராகங்கள் இப்போ யூடியூப்ல கிடைக்குது, பழைய டேப் இரைச்சலோட இருக்கும், அத பொறுத்துக்கிட்டு கேளுங்க, சஹானாவுல அவர் ரிஷபத்துக்கு (ரி) வந்து இறங்கற இடத்துல நான் என்ன எழுதினாலும் பத்தாது.

அடுத்து நாகஸ்வரம். டி.என். ராஜரத்தினம் பிள்ளை ஸ்வாமி புறப்பாட்டுல தோடியை மணிக்கணக்கா வாசிச்சவர், ராத்திரி முழுக்க ஜனங்க கூடவே நடந்து கேட்டிருக்காங்க. அங்க நடக்கறதும் கேக்கறதும் ஒண்ணா போகும். நம்ம ஊர்ல நிதானம்னா அசையாம உக்கார்றது மட்டும் இல்லங்கறதுக்கு இது போதும்.

பதம், அதாவது மெதுவா பாடற காதல் பாட்டு, கேக்கணும்னா பிருந்தா, முக்தா சகோதரிகள்.

சத்தமா கேக்கணுமா, மெதுவாவா?

மெதுவா. வீணை தனம்மாள் கதை தெரிஞ்சா ஏன்னு புரியும். சென்னை ஜார்ஜ் டவுன்ல அவங்க வீட்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசிப்பாங்க, ஊர்ல இருக்கற பெரிய வித்வான்களே வந்து உக்காந்து கேப்பாங்க. மைக் இல்ல. வீணையோட சத்தமே சின்னது, அவங்க மீட்டறது அதவிட மென்மை, அதனால வந்தவங்க இருமல கூட அடக்கிக்கிட்டு உக்கார வேண்டியிருந்துச்சு. 1938ல அவங்க காலமானாங்க, மேல சொன்ன பிருந்தாவும் முக்தாவும் அவங்க பேத்திங்கதான், டான்ஸ் பாலசரஸ்வதியும்தான். சத்தம் சின்னதா இருந்தா காது தன்னால முன்னாடி சாயும், உடம்பு அடங்கும். இப்போ சபாக்கள்ல மைக் வால்யூம் ஏத்தி வெச்சிருக்கறது எனக்குப் பெரிய வருத்தம், மிருதங்கமும் வயலினும் ஒண்ணோட ஒண்ணு போட்டி போட்டுக்கிட்டு வருது, நடுவுல தம்புரா எங்க இருக்குன்னே தெரியல. வீட்ல கேக்கறப்போவாவது வால்யூம கொஞ்சம் பத்தலையேன்னு தோணற அளவுக்கு வைங்க.

அந்தக் காலத்துல மனுஷங்களுக்கு நேரம் இருந்துச்சு, கேட்டாங்க. இப்போ அது சாத்தியமா?

நேரம் எப்பவுமே பிடுங்கப்பட்டுக்கிட்டுதான் இருந்திருக்கு. கிராமபோன் தட்டு வந்தப்போ ஒரு பக்கத்துல மூணு நிமிஷம் சொச்சம்தான் பதிய முடியும், வித்வான்கள் ராகத்த கோடு காட்டிட்டு உடனே பாட்டுக்குப் போக வேண்டியிருந்துச்சு. கச்சேரிய சின்னச் சின்ன உருப்படிகளா விறுவிறுப்பா அமைக்கற இப்போதைய பத்ததியக் கூட அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டுக் குடுத்ததுன்னுதான் சொல்வாங்க, அது வேற விஷயம், அதுல நல்லதும் நிறைய இருக்கு. இப்போ இருக்கற நெருக்கடி என்னன்னா ஸ்பாட்டிஃபைல 30 செகண்ட் ஓடினாத்தான் ஒரு தடவை கேட்டதா கணக்கு. அதுக்குள்ள ஆளப் பிடிக்கணும். அமெரிக்க ஹிட் பாட்டுகள எடுத்து ஒருத்தர் ஆராய்ஞ்சதுல, 1980கள்ல குரல் வர்றதுக்கு முன்னாடி 20 செகண்டுக்கு மேல இருந்த இசை 2015ல 5 செகண்ட் பக்கமா சுருங்கிடுச்சு. 30 செகண்ட்ல ஒரு காம்போதி ராகம் இன்னும் மூச்சே எடுத்திருக்காது.

அதனால கேக்கறவங்க கொஞ்சம் பிடிவாதமா இருக்க வேண்டியிருக்கு, வேற வழி தெரியல எனக்கு.

சங்கீதம் கேட்டு அடங்கிப் போறதுன்னு நம்ம பழைய இலக்கியத்துல எங்கயாவது இருக்கா?

இருக்கு, அதுவும் எவ்ளோ அழகா. அகநானூறு 102. மலைப்பக்கம் தினைப்புனத்துல காவல் காக்கற ஒரு பொண்ணு, கூந்தலக் கோதிக்கிட்டே குறிஞ்சிப் பண் பாடறா. தினை மேய வந்த யானை கதிரையும் தின்னல, நின்ன இடத்த விட்டும் நகரல, சாதாரணமா மூடாத கண்ணு மூடி அப்படியே தூங்கிடுது. விரட்டறதுக்கு கவண் இல்ல, சத்தம் போடற தட்டை இல்ல, பாட்டுதான். அவ யானைக்காகப் பாடவும் இல்ல, தலை கோதறப்போ தன் போக்குல பாடறா. பாடறவளும் தன்னை மறந்து, கேக்கறதும் தன்னை மறந்து, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ஒரு கவிஞருக்கு இது கண்ணுல பட்டிருக்கு பாருங்க.

கேட்டுக்கிட்டே தூங்கிட்டா?

தூங்குங்க. நீலாம்பரின்னு தாலாட்டுக்குன்னே ஒரு ராகம் வெச்சிருக்கோம்.

சினிமா பாட்டுல இது கிடைக்காதா?

கிடைக்கும், ஏன் கிடைக்காது. ராத்திரி பஸ்ல ஜன்னல் சீட்ல உக்காந்து இளையராஜா பாட்டு கேட்டவங்ககிட்ட போய் பகல் கனவுன்னா என்னன்னு விளக்க வேண்டியதில்ல. அதுல நடுவுல வர்ற இன்டர்லூட் இருக்கு பாருங்க, வயலின் கூட்டமும் புல்லாங்குழலும் வர்ற இடம், பாதி பேர் மனசு அங்கதான் பறக்கும், ஏன்னா அங்க வரி இல்ல. ஒரே வித்தியாசம், சினிமா பாட்டோட ஏற்கனவே ஒரு ஞாபகம் ஒட்டிக்கிட்டு இருக்கும், அதனால ஒவ்வொரு தடவையும் மனசு அதே தெருவுக்குத்தான் போகும். ஆலாபனைல அன்னைக்குப் பாடறவர் என்ன பாடப் போறார்னு அவருக்கே முழுசா தெரியாது, நாமளும் எங்க போவோம்னு தெரியாது.

மனசு ரொம்ப கஷ்டத்துல இருக்கறப்போ கேக்கலாமா?

கேக்கலாம், ஆனா பாத்து. மனசு அலையறதுக்கும் ஒரே புண்ணைத் திரும்பத் திரும்ப சொரியறதுக்கும் வித்தியாசம் இருக்கு, மேல சொன்ன ஆராய்ச்சியிலயும் பிடிக்காத நினைப்புக்குப் போனாதான் ஆளு வாடினாங்க. சோக ராகம் கேட்டு அழுதுட்டு லேசா ஆச்சுன்னா நல்லது. அரை மணி கேட்ட பிறகும் அதே நினைப்பே சுத்திச் சுத்தி இறுகிக்கிட்டே போனா நிறுத்திடுங்க, எழுந்து நடங்க, யார்கிட்டயாவது பேசுங்க, வாரக்கணக்கா அப்படியே இருந்தா டாக்டர்கிட்ட போங்க. பாட்டு மருந்துன்னு சொல்லி அதுக்குத் தாங்க முடியாத பாரத்த தூக்கி வெக்கறது எனக்குப் பிடிக்காது.

வீட்ல கேக்கறதா, சபாவுக்குப் போகணுமா?

ரெண்டும். ஆனா வாய்ப்பு இருந்தா ஒரு தடவையாவது நேர்ல போங்க. மார்கழி சீசன்ல சென்னையில காலையிலயும் மத்தியானமும் பல சபாவுல டிக்கெட் வாங்காமலே போகக்கூடிய இலவச கச்சேரி நடக்கும், இளசுங்க பாடுவாங்க, கூட்டம் கம்மி, பின்வரிசையில ஓரமா உக்காந்துக்கலாம். மியூசிக் அகாடமி மாதிரி இடத்துல சாயங்கால ஸ்லாட்டுக்கு டிக்கெட் கிடைக்கறது பாடு, புதுசா போறவங்களுக்கு அது தேவையும் இல்ல. நேர்ல போனா ஒரு விஷயம் தெரியும், பாடறவர் நிறுத்தினதும் வயலின் அந்தக் கடைசி ஸ்வரத்த வாங்கிக்கிட்டு கொஞ்சம் நீட்டும், அந்த வாங்கிக்கற நொடி ரெக்கார்டிங்குல பாதிதான் வருது. மிருதங்கம் மாதிரி தாள வாத்தியம் தனியா வாசிக்கற தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து கேண்டீனுக்கு ஓடாதீங்க, தயவு செஞ்சு. அதே மாதிரி ஆலாபனை நடக்கறப்போ ரீல்ஸுக்காக கைய தூக்கி வீடியோ எடுக்கறவங்க, பின்னாடி உக்காந்திருக்கற பத்து பேரோட கண்ணுல அந்த வெளிச்சம் அடிக்குதுன்னு ஒரு தடவை திரும்பிப் பாருங்க.

பாட்டு முடிஞ்சதும் உடனே அடுத்தது போடலாமா?

போடாதீங்க. ஆட்டோப்ளேய ஆஃப் பண்ணி வைங்க. 2006ல பெர்னார்டிங்கற இத்தாலி டாக்டரும் கூட இருந்தவங்களும் ராகம், டெக்னோ, பீத்தோவன்னு ஆறு வகை இசைய கேக்க வெச்சு மூச்சு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு எல்லாம் அளந்தாங்க. வேகமான இசைக்கு எல்லாம் ஏறுச்சு. நடுவுல ரெண்டு நிமிஷம் மௌனம் விட்டப்போ ரத்த அழுத்தமும் துடிப்பும் இசை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருந்த அளவவிடக் கீழ இறங்குச்சு. சும்மா ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துலதான் ஆட்டோப்ளே நமக்கு அடுத்த பாட்டத் தள்ளி விடுது, அதனாலதான் இத இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

வீட்ல "ஏன் சும்மா உக்காந்திருக்க"ன்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?

கேட்டுக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க. நம்ம வீடுகள்ல, முக்கியமா பொம்பளைங்களுக்கு, கையில வேலை இல்லாம அரை மணி உக்கார உரிமையே குடுக்கறதில்ல, பாட்டு கேக்கறதுன்னாலும் காய் நறுக்கிக்கிட்டேதான் கேக்கணும், துணி மடிச்சுக்கிட்டேதான் கேக்கணும். அம்மா அப்படிக் கேட்டா ஹெட்போன கழட்டிட்டு ஸ்பீக்கர்ல போடுங்க, அவங்களையும் பக்கத்துல உக்கார வைங்க, காய நீங்க அப்புறமா நறுக்கிக் குடுத்துக்கலாம்.